பள்ளியில் வளர வேண்டிய அறிவியல் பண்பாடு

(பங்கின் பொன்விழாக் கல்வி அரங்கில், நம் பள்ளியின் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

பொன்விழாவின் நினைவாக நம் பள்ளியில் ரோபோ ஆய்வகம் ஒன்றை அமைப்பது என்று விழாக் குழு தீர்மானித்துள்ளது. பாராட்டுகிறேன். இதற்கான நிதி எங்கிருந்து வந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வள்ளத்துக்காரர்கள் மீன் விற்ற பணத்தில் ஒதுக்கித் தந்த பங்கு அது. கருவாட்டுக் கூடை சுமக்கும் தாய்மார்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணம் அது. கப்பலில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் அனுப்பி வைத்த பணம் அது. இத்தகைய பணத்துக்கு ரசீதுக் கணக்கு மட்டும் போதாது. அந்த அறையிலிருந்து நம் பிள்ளைகள் என்ன பெற்றார்கள் என்ற கணக்கையும் நாம் காட்டியாக வேண்டும்.

அறை கட்டுவது எளிது. கருவிகளை வாங்குவதும் எளிது. திறப்பு விழாவில் நாடா வெட்டுவது அதைவிட எளிது. ஆனால் கேள்வி கேட்பது, அளந்து பார்ப்பது, செய்து பார்ப்பது, கெட்டதைப் பழுது பார்ப்பது, மிச்சத்துக்குப் பொறுப்பேற்பது ஆகிய ஐந்தும் ஒரு பள்ளியின் அன்றாடப் பழக்கமாவதுதான் கடினம். அந்தப் பழக்கத்தையே நான் அறிவியல் பண்பாடு என்கிறேன். அது இருந்தால் சிறிய அறையும் பயன் தரும். அது இல்லையேல் பெரிய ஆய்வகமும் பூட்டிய அறையாகவே கிடக்கும். இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

சொற்களின் பொருள்

இந்நாளில் 'ஸ்டெம்' கல்வி என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததே அச்சொல். நான்கையும் தனித்தனிப் பாடமாக அன்றி, ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்காகச் சேர்த்துக் கற்பது என்று அதற்குப் பொருள். ரோபோ என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. அந்த மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. இன்று நாம் ரோபோ என்பது, சூழ்நிலையை உணர்ந்து, கொடுத்த கட்டளைப்படி முடிவெடுத்து, தானே செயல்படும் ஓர் எந்திரத்தை. உணர்தல், முடிவெடுத்தல், செயல்படல் என்ற மூன்றும் அதற்கு வேண்டும். நிலைத்த வளர்ச்சி என்பதோ, இன்றைய நம் தேவையை நிறைவேற்றும்போதே நாளைய பிள்ளைகளின் பங்கில் கை வைக்காமல் வாழ்வது. கடலோரத்தில் பிறந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

வள்ளத்தில் தொடங்கும் பாடம்

'ரோபோவுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?' என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. நம் வள்ளங்கள் சிலவற்றில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. அக்காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஆழம் எத்தனை பாகம் என்று பார்த்தோம். இன்று கருவி ஒலியை அனுப்புகிறது. ஒலி தரையில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப 0.04 வினாடி ஆனால், அது கடந்த தூரம் 60 மீட்டர். அதில் பாதியான 30 மீட்டரே ஆழம். அதாவது ஏறக்குறைய 16 பாகம். ஒன்பதாம் வகுப்பு எதிரொலிப் பாடம் முழுவதும் அப்பாவின் வள்ளத்திலேயே இருக்கிறது!

பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கும் சின்னஞ்சிறு ஒலி உணரியும் இதே வேலையைக் காற்றில் செய்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்பதே வேறுபாடு. அதைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் கீழ்நோக்கிப் பொருத்தினால் நீர்மட்டத்தைச் சொல்லும். மட்டம் மேலே வந்ததும் மணி அடிக்கும்படி கட்டளை எழுதலாம். மோட்டாரையே நிறுத்தும்படியும் எழுதலாம். உணர்ந்தது, முடிவெடுத்தது, செயல்பட்டது. ஆக, நம் பிள்ளைகள் செய்யும் முதல் ரோபோ கைகால் உள்ள பொம்மையாக இருக்க வேண்டியதில்லை. நிரம்பி வழிந்து வீணாகும் நல்ல தண்ணீரைக் காக்கும் எந்திரமாக இருக்கலாம். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும். பிள்ளைகள் 5 வோல்ட் பக்கத்தோடு நிற்கட்டும். அந்த எச்சரிக்கையும் கல்வியின் ஒரு பகுதிதான்.

தவறு செய்யும் உரிமை

1967-இல் அமெரிக்காவில் செய்மூர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய தோழர்களும் 'லோகோ' என்னும் கணினி மொழியைப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள். அதில் 'ஆமை' ஒன்று உண்டு. 'முன்னே 50 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் அது சதுரம் வரையும். முக்கோணம் வரைய வேண்டுமானால்? முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை 60 திரும்பச் சொல்லும். முக்கோணம் வராது. ஏன் என்று யோசித்து, தானே ஆமையைப் போல நடந்து பார்த்து, திரும்ப வேண்டியது 120 பாகை என்று கண்டுபிடிக்கும். புறக்கோணம் என்றால் என்னவென்று அதன்பின் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே தவறுதான் ஆசிரியர். நம் வகுப்பறைகளிலோ தவறுக்குச் சிவப்பு மை, கண்டிப்பு, சில நேரம் கேலி. இந்த வழக்கம் மாறாமல் எந்தக் கருவியை வாங்கினாலும் பயனில்லை. 'ஏன் வரவில்லை?' என்று அதட்டாமல், 'எங்கே மாறிப்போயிற்று, தேடுவோமா?' என்று ஆசிரியர் கேட்கும் நாளில்தான் நம் ஆய்வகம் உண்மையில் திறக்கப்படும்.

எந்திரமும் எல்லையும்

சில பள்ளிகளில் ரோபோ ஒரு பக்கம், சுற்றுச்சூழல் மன்றம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கிறார்கள். அங்கே போட்டி, பரிசு. இங்கே மரக்கன்று, சுவரொட்டி. இவற்றைப் பிரிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை நம் கடலே சொல்கிறது.

1953-இல் கேரளத்தில் நீண்டகரையை மையமாக வைத்து இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. எந்திரப் படகுகள் பெருகின. இழுவை மடி வந்தது. இறால் ஏற்றுமதியால் வருமானம் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் மடியின் கண் சிறுத்தது. குஞ்சும் முட்டையும் சேர்ந்து வந்தன. கரையோரத்து வள்ளங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் கடலில் மோதல் மூண்டது. அதன் பின்னரே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று வரையறுத்தது. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது 61 நாளாகி, நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. எந்திரம் முதலில் வந்தது. எல்லையைப் பற்றிய சிந்தனை முப்பது ஆண்டு கழித்து வந்தது. இடைப்பட்ட காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? சிறு வள்ளத்துக்காரர்கள் அல்லவா?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளை முற்காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டிடத்துக்கும் வெட்டியெடுத்தார்கள். 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் வெகுவாகக் கரைந்தது. அதைக் காக்க 2015-இலிருந்து கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். அழித்ததும் மனிதனின் கைத்திறன். காக்க முயல்வதும் மனிதனின் கைத்திறன். வேறுபாடு நோக்கத்தில்தான் இருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பயன்படுத்தித் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார்கள். நம் ஆய்வகமும் அந்தப் பண்பாட்டின் கிளையாகிவிடக் கூடாது. தேய்ந்த பேட்டரி, எரிந்துபோன மோட்டார், அறுந்த ஒயர் எல்லாம் குப்பைமேட்டுக்கோ கடற்கரைக்கோ போகக் கூடாது. தனிப் பெட்டியில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் இதற்காகவே வந்தவை. ஆண்டு முடிவில் செய்த பொருள்களைப் பிரித்து, பாகங்களை அடுத்த வகுப்புக்குத் தர வேண்டும். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்கும் ரோபோவைவிட, மூன்று வகுப்பினர் கையில் மூன்று வடிவம் எடுத்த மோட்டாரே எனக்குப் பெருமை.

அளக்கும் பழக்கம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். ஆண்டு மழையைவிட அதிகமாக ஒரு நாளில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை கடந்தது. அதே மண்ணில்தான் கோடையில் குடம் தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம்.

இங்கிருந்து பாடம் தொடங்கட்டும். நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்து, அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு பிள்ளை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் 'சுழி' என்று எழுத வேண்டும். அந்தச் சுழியை விடாமல் எழுதுவதில்தான் நேர்மை பழகுகிறது.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். பள்ளிக் கூரை 300 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மழை 650 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,95,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிந்திப்போனாலும் 1,56,000 லிட்டர் மிஞ்சும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பல கட்டிடங்களில் குழாய் மாட்டினார்கள். அந்தக் குழாய்களில் எத்தனை இன்று அடைபடாமல் இருக்கின்றன என்று பிள்ளைகளே ஊரைச் சுற்றி வந்து எண்ணட்டும். ஊர்க் கமிட்டியிடம் அறிக்கை கொடுக்கட்டும். கடற்கரையில் பத்து மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து, வாரம் ஒருமுறை அதில் கிடக்கும் நைலான் வலைத்துண்டு, தெர்மோகோல், பாட்டில் ஆகியவற்றை வகை பிரித்து எண்ணட்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெரியவர்களாகிய நாம் வெட்கப்பட நேர்ந்தால், அதுவும் கல்விதான்.

ஆய்வகத்துக்கு வேண்டிய ஒழுங்குகள்

விழாக் குழுவினருக்கு நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பணம். நடுவண் அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அதில் 10 லட்சம் அமைப்பதற்கு. மீதி 10 லட்சம் ஐந்தாண்டு வரை நடத்துவதற்கு. இந்தப் பாதிக்குப் பாதி என்ற கணக்கைக் கவனியுங்கள். நாமோ முழுப் பணத்தையும் முதல் நாளே செலவழித்துவிட்டு, அடுத்த ஆண்டு பேட்டரி வாங்கப் பணமில்லாமல் நிற்கும் வழக்கம் உள்ளவர்கள். எனவே திரட்டிய நிதியில் பாதியை வங்கியில் போடுங்கள்.

இரண்டாவது, சாவி. விலையுயர்ந்த பொருள் என்று பூட்டி வைத்தால் அது விலையுயர்ந்த தூசியாகும். மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் என இருவரைப் பொறுப்பாக்கிச் சாவியைக் கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரமும் சனிக்கிழமை காலையும் அறை திறந்திருக்கட்டும். சில பொருள்கள் உடையும். உடையட்டும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். குழுவாக வேலை செய்யும்போது பையன் திருப்புளியை எடுத்துக்கொள்வான். பெண் பிள்ளை நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். எல்லாப் பள்ளிகளிலும் காணும் காட்சி இது. வாரந்தோறும் வேலை மாற வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

நான்காவது, ஆசிரியர். கால அட்டவணையில் நேரம் தராமல், இருக்கும் பாரத்தின் மேல் இதையும் ஏற்றினால் எந்த ஆசிரியரும் தாங்கமாட்டார். நேரம் கொடுங்கள், பயிற்சிக்கு அனுப்புங்கள். நம் ஊர் மெக்கானிக், வெல்டர், வலை பின்னும் பெரியவர் இவர்களை மாதம் ஒருமுறை வகுப்புக்கு அழையுங்கள். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைக் கிடைத்ததை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களைவிடச் சிறந்த பொறியியல் ஆசிரியர் நமக்கு எங்கே கிடைப்பார்? அப்பாவின் தொழிலிலும் அறிவு இருக்கிறது என்று பிள்ளை உணர்வது சிறிய காரியமன்று.

ஐந்தாவது, மொழி. கட்டளைகளை ஆங்கிலத்தில் எழுதினாலும், சிந்தனை தமிழில் நடக்கட்டும். தமிழில் கேள்வி கேட்டால் குறைவு என்ற கூச்சம் நம் பள்ளிக்குள் நுழையக் கூடாது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

'இதனால் மதிப்பெண் குறையாதா?' என்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தால் மதிப்பெண் குறையாது. மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குறுதியும் தரமாட்டேன். ஆனால் புரிந்து படித்த பிள்ளைக்கும் உருப்போட்ட பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு பள்ளியை விட்ட பின்னும் தொடரும். அண்டை மாநிலமான கேரளத்தில் 2018 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸைச் சேர்த்துவிட்டார்கள். நம் மாநில அரசும் 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியல் சோதனைகளைக் கொண்டு சேர்க்கிறது. நாளை கல்லூரியில் நம் பிள்ளைகள் அருகில் உட்காரப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம்.

'எந்திரம் வந்தால் வேலை போய்விடாதா?' என்றும் கேட்கிறீர்கள். சில வேலைகள் போகும், மறைக்க மாட்டேன். பாய் மரத்தின் இடத்தில் எஞ்சின் வந்தபோதும் அப்படித்தான். ஆனால் எஞ்சினை வாங்க மட்டும் தெரிந்தவன் கடனாளியானான். பழுது பார்க்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொண்டான். வரப்போகும் எந்திரங்களுக்கு நம் பிள்ளைகள் வெறும் வாடிக்கையாளர்களாக இருப்பதா, அவற்றை ஆளத் தெரிந்தவர்களாக இருப்பதா என்பதே கேள்வி.

தும்பா தரும் சிந்தனை

1962-ஆம் ஆண்டு. ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடிய விக்ரம் சாராபாய், புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தும்பா என்ற கேரள மீனவச் சிற்றூரைத் தேர்ந்தார். அங்கே தூய மகதலா மரியாள் ஆலயமும் ஆயர் இல்லமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா தாமே முடிவு சொல்லாமல், ஞாயிறு திருப்பலிக்கு வந்த மக்களிடம் கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள். ஆலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அங்கே பணியைத் தொடங்கிய இளைஞர்களுள் ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

மீனவ மக்கள் தங்கள் பீடத்தையும் வீட்டையும் நாட்டின் அறிவியலுக்குக் கொடுத்தார்கள். அது தியாகம். ஆனால் இடம் கொடுப்பவர்களாக மட்டும் நம் மக்கள் நின்றுவிடக் கூடாது. அந்த ஆய்வுக்கூடங்களுக்குள் நம் பிள்ளைகள் அறிஞர்களாகவும் பொறியாளர்களாகவும் நுழைய வேண்டும். நுழைந்தபின், தங்கள் கையிலுள்ள எந்திரம் எந்தக் கடலைத் தொடுகிறது, யாருடைய வயிற்றைத் தொடுகிறது என்று கேட்கும் மனச்சாட்சியும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

ஆகவே விழாக் குழுவினரிடம் மூன்றே வேண்டுகோள். ஆய்வகம் திறக்கும் முன்பே மழைமானியை வைத்து, பதிவேட்டைத் தொடங்குங்கள். நிதியில் பாதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவின்போது, பிள்ளைகள் என்ன அளந்தார்கள், என்ன செய்தார்கள், என்ன கெட்டுப்போயிற்று, எதைப் பழுது பார்த்தார்கள் என்று இதே மேடையில் அவர்கள் வாயாலேயே ஊருக்குச் சொல்லச் செய்யுங்கள். பணம் கொடுத்த தாய்மார்களுக்கு நாம் காட்டும் கணக்கு அதுவாகவே இருக்கட்டும்.

 வாழ்க நம் பங்கு! வளர்க நம் பள்ளி!